மோசினா, டோக்கரெவா, சிமோனோவா: பழைய ரஷ்ய ராணுவ ரைஃபிள் வாங்கும் முன்

பழைய ரஷ்ய ராணுவ ரைஃபிள் சேகரிக்கத் தொடங்குகிறவர் எடுத்த எடுப்பிலேயே மாடலைத்தான் கேட்பார். மோசின் வகையில் நீளமான 91/30 எடுக்கலாமா, குட்டையான எம்44 போதுமா, இன்னும் கொஞ்சம் காசு சேர்த்து டோக்கரெவின் எஸ்விடி-40 வாங்கிவிடலாமா என்று. அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. இந்தத் துப்பாக்கி போருக்குப் பிறகு சோவியத் கிடங்கில் பிரித்துக் கோக்கப்பட்டதா, இல்லையா? விலை, துல்லியம், சேகரிப்பு மதிப்பு மூன்றும் மாடலைவிட இதைப் பொறுத்தே பெரிதும் மாறுகின்றன.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் சோவியத் ராணுவம் களத்திலிருந்து திரும்பிய துப்பாக்கிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்தது. தேய்ந்ததை மாற்றி, மரக்கட்டைக்கு ஷெல்லாக் என்னும் அரக்கு வார்னிஷ் பூசி, உலோகத்தைக் காஸ்மோலின் கிரீஸில் முக்கி, அடுத்த போர் வந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்று அடுக்கி வைத்தது. சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகு அமெரிக்காவிலும் கனடாவிலும் வந்து குவிந்தவை பெரும்பாலும் இவைதான். 2010 வாக்கில் அமெரிக்காவில் ஒரு 91/30 நூறு டாலருக்கும் கீழே கிடைத்தது. இன்று அந்த விலையைச் சொன்னால் கடைக்காரர் சிரிப்பார்.

மறுசீரமைப்பின் அடையாளங்கள் பழகிய கண்ணுக்கு ஒரே பார்வையில் தெரியும். கட்டையில் செம்பழுப்பாகத் தடித்த ஷெல்லாக் பளபளப்பு இருக்கும். தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் போல்ட்டுக்குக் கருமை பூசப்பட்டிருக்கும். ஆலையிலிருந்து வந்தபோது அது பெரும்பாலும் பூச்சில்லாத வெறும் எஃகுதான். குழலின் அடிப்பகுதியிலோ கட்டையிலோ குறுக்குக் கோடு போட்ட சிறு சதுர முத்திரை அடித்திருக்கும்.

அடுத்து எண்கள். மோசினில் குழலின் அடிப்பகுதி, போல்ட், மேகசினின் அடித்தட்டு, கட்டையின் பின்தகடு ஆகிய நான்கு இடங்களில் எண் இருக்கும். நான்கும் ஒத்திருந்தால் விற்பவர் 'மேட்சிங்' என்பார். ஒத்திருப்பது மட்டும் போதாது, எப்படி ஒத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். பழைய எண்ணைக் கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் புது எண் பொறித்திருந்தாலும், மின்பேனாவால் கீறியதுபோல் மெல்லிய எழுத்து இருந்தாலும், அது கிடங்கில் ஒத்துப்போக வைத்தது. சில துண்டுகளில் பழைய எண்ணை அடியோடு அரைத்துவிட்டுப் புதிதாக அடித்திருப்பார்கள். அப்போது எழுத்தின் வடிவத்தைக் குழலில் உள்ள எழுத்தோடு ஒப்பிட வேண்டும். குழலில் முனைக்கோடு வைத்த எழுத்தும் போல்ட்டில் மொட்டை எழுத்தும் இருந்தால் இரண்டையும் ஒரே கை அடிக்கவில்லை.

சுட்டுப் பார்ப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் மறுசீரமைத்தது குறை அல்ல. பல நேரம் அதுவே நல்லது, ஏனென்றால் தேய்ந்த பாகம் ஏற்கெனவே மாறியிருக்கும். வரலாற்றுக்காக வாங்குகிறவருக்கோ தொடாதது கிடைப்பது அரிது, அரிதுக்கு விலை உண்டு. விற்பவர் இதைச் சொல்ல மாட்டார் என்பதால்தான் மாடலுக்கு முன் இதைப் பேச வேண்டியிருக்கிறது.

மோசின் குடும்பம்

1891-இல் ஏற்கப்பட்ட இந்த ரைஃபிளை ரஷ்யர்கள் 'மூன்று கோட்டுத் துப்பாக்கி' என்பார்கள். ஒரு கோடு அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. மூன்று கோடு 7.62 மில்லிமீட்டர். செர்கேய் மோசினின் வடிவமைப்பில் பெல்ஜியத்தின் லியோன் நகாந்தின் சில கூறுகள் சேர்ந்தன. ரஷ்யாவின் தூலா, இஷெவ்ஸ்க், செஸ்ட்ரோரெட்ஸ்க் ஆலைகள் தயாராகாத தொடக்க ஆண்டுகளில் பிரான்ஸின் ஷாத்தெல்ரோ ஆலை 5 லட்சம் துப்பாக்கிகளுக்கான ஆர்டரை எடுத்தது. முதல் உலகப் போரில் ரெமிங்டனுக்கு 15 லட்சம், நியூ இங்கிலாந்து வெஸ்டிங்ஹவுஸுக்கு 18 லட்சம் என்று ஆர்டர் போனது. புரட்சிக்குப் பின் அந்த ஆர்டர் நின்றுபோக, மீந்தவற்றை அமெரிக்க அரசே வாங்கிக்கொண்டது. 1918-இல் வட ரஷ்யாவில் இறங்கிய அமெரிக்கப் படையினரின் கையில் இருந்ததும் மோசின்தான். அதனால் ஜார் காலத்து மூல எம்91 தேடுகிறவருக்கு இந்த அமெரிக்கத் தயாரிப்புகள் நல்ல வாசல். சோவியத் கிடங்கைப் பார்க்காமல் அமெரிக்காவிலேயே தங்கியவை அவற்றில் உண்டு.

எம்91 சுமார் 1.30 மீட்டர் நீளம். அதன் பின்குறியில், அதாவது குறிபார்க்கும் பின்பக்கக் காட்டியில், உள்ள தூரம் மீட்டரில் இல்லை, அர்ஷின் என்ற பழைய ரஷ்ய அளவில் இருக்கிறது; ஓர் அர்ஷின் 71.12 சென்டிமீட்டர். 1930-இல் வந்த 91/30, குதிரைப்படை ரைஃபிளின் அளவுக்கு 1,232 மில்லிமீட்டராகக் குறுகி, குறிகாட்டியை மீட்டருக்கு மாற்றிக்கொண்டது. பழைய துப்பாக்கிகள் ஏராளமாக 91/30 ஆக மாற்றப்பட்டன. அதனால் குழலில் 1930களின் ஆண்டு இருந்தாலும், குழல் பூட்டியிருக்கும், போல்ட் ஓடும் உடற்பகுதியான ரிசீவரின் வயது வேறாக இருக்கலாம். கட்டையைக் கழற்றி ரிசீவரின் வாலுக்கு அடியில் பார்த்தால் மூல ஆண்டு பொறித்திருக்கும். அமெரிக்காவில் இதற்குச் சட்டப் பொருளும் உண்டு: 1898-லோ அதற்கு முன்போ செய்த ரிசீவர் பழம்பொருளாகக் கணக்காகிறது.

91/30-இல் கேட்கப்படும் இரண்டு தேர்வுகள்: எண்பட்டையா உருண்டையா, தூலாவா இஷெவ்ஸ்கா. 1930களின் நடுப்பகுதி வரை ரிசீவரின் முன்பகுதி பட்டை பட்டையாக இருந்தது. ஆங்கிலத்தில் 'ஹெக்ஸ்' என்றே வழங்குகிறது. அறுபட்டை என்று பொருள், முழு வடிவத்தை எண்ணினால் எட்டு. பிறகு கடைய எளிதான உருண்டை வந்தது. பட்டை ரிசீவர் அதிகத் துல்லியம் என்று ஒரு நம்பிக்கை சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்தக் காலத்து வேலைப்பாடு நேர்த்திதான், ஆனால் தேய்ந்த குழலைப் பட்டை காப்பாற்றாது. தூலாவின் முத்திரை நட்சத்திரத்துக்குள் அம்பு, இஷெவ்ஸ்கின் முத்திரை முக்கோணத்துக்குள் அம்பு. 1941-இல் ஜெர்மானியர் நெருங்கியபோது தூலா ஆலையைப் பெயர்த்து அனுப்ப வேண்டியிருந்தது. எனவே போர்க்காலத்தில் சுமையைத் தாங்கியது இஷெவ்ஸ்க். 1942, 1943 ஆண்டுத் துப்பாக்கிகளில் அரம் போட்ட கோடுகள் அப்படியே தெரியும். அவசரத்தின் தழும்புதான் அது, பலவீனத்தின் அடையாளம் அல்ல. 1942 இஷெவ்ஸ்கை முரட்டுத்தனத்துக்காகவே தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

குழலைச் சோதிக்கும் முறை மாடல் எதுவானாலும் ஒன்றே. போல்ட்டைத் திறந்து, விசையை இழுத்துப் பிடித்தபடி பின்னால் உருவினால் வெளியே வந்துவிடும். குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையிலிருந்து வெளிச்சம் அடித்துப் பார்க்கலாம். கருத்த குழலெல்லாம் கெட்ட குழல் அல்ல. குண்டைச் சுழற்றிவிடும் உட்சுவர் வரிகளின் ஓரம் கூர்மையாக இருக்கிறதா என்பதே முக்கியம். அடுத்து, மருந்தில்லாத டம்மி தோட்டாவின் குண்டுப் பக்கத்தைக் குழல்வாயில் செருகிப் பாருங்கள். குண்டு எவ்வளவு வெளியே நிற்கிறதோ அவ்வளவு நல்லது. தோட்டாவின் கழுத்து குழல்வாயைத் தொடும் அளவுக்கு உள்ளே போனால், ஒன்று வாய் தேய்ந்திருக்கிறது, அல்லது கிடங்கில் வாயை அகலமாகக் குடைந்திருக்கிறார்கள். சிப்பாய்கள் எஃகுத் துடைகோலை முன்பக்கமிருந்தே விட்டு விட்டு எடுத்ததில் வாய் உரசித் தேய்ந்தது; தேய்ந்த நீளத்தைக் குடைந்து எறிந்துவிட்டால் வரிகள் உள்ளே புதிதாகத் தொடங்கும். வெளிச்சத்தில் உள்ளே ஒரு படி தெரிந்தால் அது குடைந்தது. அதனால் விலை சற்றுக் குறையும், சுடுவதில் பெரும்பாலும் குறை வராது. படி தெரியாமலே குண்டு உள்ளே போனால் அந்தக் குழலை விட்டுவிடலாம்.

மோசினைப் பற்றிய புகார்களில் பாதி 'போல்ட் திறக்கவில்லை' என்பதே. இரண்டு மூன்று குண்டு சுட்டதும் இறுகி, சுத்தியலால் தட்ட வேண்டிய நிலை வரும். தோட்டா உறையின் அரக்குப் பூச்சைக் குற்றம் சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் அறையில் பதுங்கியிருக்கும் பழைய காஸ்மோலின்: சூட்டில் இளகி, ஆறும்போது பசைபோல் பிடிக்கிறது. அறைக்குப் பொருந்தும் தடித்த பித்தளைத் தூரிகையை மினரல் ஸ்பிரிட்டில் நனைத்துச் சுழற்றினால் கரி கரியாக வரும். வருவது நிற்கும்வரை செய்ய வேண்டும். போல்ட்டைப் பிரித்துப் பூட்டியபின், தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசியின் நீட்டத்தை அளக்க, துப்பாக்கியோடு வரும் தட்டைக் கருவியில் 75, 95 என்று இரண்டு வெட்டுகள் உண்டு. அங்குலத்தில் ஆயிரத்தில் இத்தனை என்று பொருள். 95-இல் ஊசி தட்டாமலும் 75-இல் தட்டியும் நிற்க வேண்டும். அதிகமானால் தோட்டாவின் அடியிலுள்ள பற்றவைப்புத் தொப்பி ஓட்டையாகி வெடிப்பு வாயு பின்னால் வரும், குறைந்தால் வெடிக்காது.

வாங்கியவர் முதல் நாளே 'மேலே போகிறது' என்று முறையிடுவார். 91/30 பயனெட் (குழல்முனைக் கத்தி) மாட்டிய நிலையில் குறி சரிசெய்யப்பட்டது; கழற்றிச் சுட்டால் குண்டு விழும் இடம் மாறும். பின்குறியின் மிகச் சிறிய தூரமும் 100 மீட்டர் இலக்குக்கு உயரம்தான். முன்குறி முள்ளின் மேல் மெல்லிய மின்கம்பி உறையைச் செருகி, சுட்டுச் சுட்டு வெட்டிக் குறைப்பது எல்லோரும் செய்கிற வேலை. முள்ளை அரம் போட்டுக் கெடுக்காமல் இருந்தால் துப்பாக்கியின் மதிப்பும் போகாது.

குட்டை மோசின்களில் எம்38-உம் எம்44-உம் ஏறத்தாழ ஒரே அளவு, 1,020 மில்லிமீட்டர். எம்44-இல் வலப்பக்கம் மடங்கும் பயனெட் நிரந்தரமாக இருக்கிறது, எடையும் அதனால் சுமார் 4 கிலோவை எட்டுகிறது. எம்38 இலகு, 3.4 கிலோ, அதே காரணத்தால் தோளில் இடிக்கும் உதையும் அதிகம். முழு ரைஃபிளுக்கென்று செய்த மருந்தைக் குட்டைக் குழலில் எரித்தால் வாயில் நெருப்புப் பந்து எழும். வேடிக்கைக்காகச் சுடுகிறவருக்கு அது இன்பம், பக்கத்து மேசைக்காரருக்கு அல்ல. வாங்கும்போது எம்38-இன் கட்டையைப் பாருங்கள். மடித்த பயனெட்டுக்காகப் பக்கத்தில் பள்ளம் வெட்டியிருந்தால் அது எம்44-இன் கட்டை. கிடங்கில் மாற்றிப் போட்டது சகஜம், ஆனால் தன் கட்டையோடு இருக்கும் எம்38-க்கு விலை தனி. இரண்டுக்குள் ஒன்றுதான் என்றால் எம்44 எடுப்பதே நியாயம். எளிதில் கிடைக்கும்.

ஸ்னைப்பர் மோசினில்தான் பணம் அதிகம் தொலைகிறது. 3.5 மடங்கு பியூ தொலைநோக்கி பொருத்திய 91/30-க்கு இருக்கும் விலை, சாதாரண 91/30-இல் துளை போட்டுப் புதுத் தாங்கியைப் பூட்டப் பலரைத் தூண்டியிருக்கிறது. உண்மையானதில் தொலைநோக்கியின் எண் குழலின் அடிப்பகுதியில் இடப்பக்கம் பொறித்திருக்கும். போல்ட்டின் வளைந்த கைப்பிடி வார்த்தெடுத்ததுபோல் ஒரே துண்டாக இருக்கும். வெட்டி ஒட்டியதில் பற்றவைப்பின் மேடு தெரியும். 'எக்ஸ் ஸ்னைப்பர்' என்று இன்னொரு வகை: போருக்குப் பின் தொலைநோக்கியைக் கழற்றி, ரிசீவரின் இடப்பக்கத் துளைகளை அடைத்துச் சாதாரணத் துப்பாக்கியாக அனுப்பியவை. அடைத்த வட்டங்கள் கண்ணுக்குத் தெரியும். அதில் மறுபடி புதுத் தாங்கி பூட்டியிருந்தால் பழையபடி ஸ்னைப்பர் என்று விலை கேட்பார்கள். பாதி உண்மைக்கு முழு விலை கொடுக்க வேண்டியதில்லை.

பின்லாந்து வழி

ரஷ்ய ரிசீவரில் பின்லாந்தின் குழலும் கட்டையும் சேர்ந்தது எம்39. சாக்கோ, விகேடி போன்ற ஆலைகள் செய்தவை. ரஷ்ய மோசினைவிடத் தடித்த குழல், கைப்பிடி வளைவுள்ள கட்டை, திருகால் பக்கவாட்டில் நகர்த்தும் முன்குறி என்று எல்லாமே துல்லியம் கருதிச் செய்தவை. எடை சுமார் 4.5 கிலோ. பின்லாந்துக்காரர்கள் துப்பாக்கியைத் துடைத்தும் வைத்தார்கள். நல்ல குழல் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். சுடுவதற்கு ஒரே ஒரு மோசின் என்றால் இதுவே முதல் தேர்வு, தயக்கம் இல்லை. சதுரத்துக்குள் 'எஸ்ஏ' என்ற முத்திரை பின்லாந்து ராணுவத்தினுடையது.

தோட்டாவில்தான் கவனம் வேண்டும். எம்39-இன் குழல் 0.310 அங்குலக் குண்டுக்கு உரியது. பின்லாந்தின் முந்திய மாடல்களான எம்28, எம்28-30 இரண்டும் அதைவிட இறுக்கம். சோவியத்துக்கு எதிரான குளிர்காலப் போரில் பின்லாந்தின் புகழ்பெற்ற ஸ்னைப்பர் சிமோ ஹெய்ஹா வைத்திருந்தது எம்28-30. தன் கையால் தோட்டா நிரப்புகிறவர் ரஷ்யத் துப்பாக்கிக்கு 0.311 அளவில் வாங்கி வைத்த குண்டை அப்படியே இவற்றில் போடக் கூடாது, அழுத்தம் கூடும். குழலை முதலில் அளந்துகொள்ள வேண்டும்.

எஸ்விடி-40

ஃபியோதர் டோக்கரெவின் அரைத்தானியங்கி ரைஃபிள்: அடுத்த தோட்டா தானே ஏறும், ஒவ்வொரு குண்டுக்கும் விசையை இழுக்க வேண்டும். 1,226 மில்லிமீட்டர், 3.85 கிலோ, கழற்றக்கூடிய 10 தோட்டா மேகசின். ஏறத்தாழ 16 லட்சம் தயாரானதால் அரிது அல்ல, ஆனால் முழுமையாக, முறையாக இயங்கும் ஒன்று அரிது. ஜெர்மனியின் ஜி43 ரைஃபிள், வெடிப்பு வாயுவால் போல்ட்டை இயக்கும் தன் எரிவாயு முறையை இதிலிருந்தே எடுத்தது என்பது இதன் தரத்துக்குச் சான்று. அதே நேரம், பயிற்சி குறைந்த சிப்பாயின் கையில் இது தகராறு செய்தது. அதற்கான காரணமே இன்றைய உரிமையாளருக்கும் தலைவலி.

போல்ட்டைத் தள்ள எவ்வளவு வாயு போகலாம் என்று அளவிடும் எரிவாயுச் சீரமைப்பியில் ஐந்து நிலைகள் உண்டு: 1.1, 1.2, 1.3, 1.5, 1.7. துளையின் விட்டம் மில்லிமீட்டரில். பெரிய நிலையில் சுட்டால் போல்ட் வெறியோடு பின்னால் பாய்ந்து, நாளடைவில் கட்டையும் ரிசீவரும் விரிசல் காணும். 1.1-இல் தொடங்கி, வெற்றுறை ஒழுங்காக வெளியே வந்து அடுத்த தோட்டா ஏறும் குறைந்த நிலையில் நிறுத்த வேண்டும். திருப்ப ஐந்து பக்கக் கருவி தேவை. இடுக்கியால் திருப்பிக் கெடுத்த துப்பாக்கிகள் நிறைய. சுட்டபின் உப்பு படியவிடும் தொப்பியுள்ள பழைய தோட்டாவைச் சுட்டுவிட்டுத் துடைக்காமல் வைத்தால் சீரமைப்பி துருப்பிடித்து இறுகி, பிறகு கருவியும் உதவாது. எனவே வாங்குமுன் அது திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பாதென்றால் அதை விலையில் கழியுங்கள்.

மூல மேகசின் உண்டா என்பதும் பெரிய கேள்வி. ஒன்றே இருந்தால், இன்னொன்றுக்கு ஆகும் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். விளிம்புள்ள தோட்டா என்பதால் அடுத்தது முந்தியதின் விளிம்புக்கு முன்னால் விளிம்பை வைத்து உட்கார வேண்டும். மாறிப்போனால் ஏற்றும்போது சிக்கும். பல எஸ்விடிகளில், இதன் முழுத் தானியங்கி வடிவமான ஏவிடியின், தேர்வுநெம்புக்கு வெட்டு உள்ள கட்டை இருக்கும். கட்டை மட்டும்தான் என்றால் கவலை இல்லை. உள்ளே முழுத் தானியங்கிப் பாகம் இருந்தால் பெரும்பாலான நாடுகளில் சட்டம் பார்த்துக்கொண்டிராது. பின்லாந்து கைப்பற்றிய, சோவியத் கிடங்கைத் திரும்பப் பார்க்காத எஸ்ஏ முத்திரை எஸ்விடி கிடைத்தால் பட்ஜெட்டைக் கொஞ்சம் நீட்டலாம்.

எஸ்கேஎஸ்

செர்கேய் சிமோனோவின் இந்தத் துப்பாக்கி வேறு தோட்டா, வேறு காலம். 7.62×39, 1949 முதல் தூலாவில், 1953-54-இல் இஷெவ்ஸ்கிலும். 10 தோட்டா நிலையான மேகசின், தொடக்கத் தயாரிப்புகளைத் தவிர குரோம் பூசிய குழல், தோளில் மென்மை. சுடுவதற்கு வாங்குகிறவருக்கு எல்லா வகையிலும் எளிது. தொடக்கத் தயாரிப்புகளில் ஈட்டிபோன்ற பயனெட், பிறகு தட்டைக் கத்தி. முந்தியதற்கு விலை கூடுதல். இதன் சீன நகலான 56-ஆம் வகையை ரஷ்யன் என்று விற்பது சகஜம். ரிசீவர் மூடியில் தூலாவின் நட்சத்திரத்தையோ இஷெவ்ஸ்கின் முக்கோணத்தையோ தேடுங்கள்.

ஓர் ஆபத்து உண்டு. மிகத் தொடக்கத் தயாரிப்புகளைத் தவிர ஊசிக்கு ஸ்பிரிங் இல்லை, தானாக ஆடும். போல்ட்டுக்குள் பழைய கிரீஸ் இறுகி ஊசி முன்னால் மாட்டிக்கொண்டால், போல்ட் மூடும்போதே தோட்டா வெடித்து, சில நேரம் வரிசையாக எல்லாம் போய்விடும். ஸ்பிரிங் இல்லாத போல்ட்டைக் கையில் எடுத்து ஆட்டினால் உள்ளே கலகல என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பிரித்துச் சுத்தம் செய்யும்வரை சுடக் கூடாது. கழற்றும் மேகசின் மாட்டுவது, கட்டையை மாற்றுவது போன்றவை இதன் மதிப்பைக் குறைக்கும், சட்டச் சிக்கலும் தரும்.

தோட்டாவும் துடைப்பும் சட்டமும்

மோசினும் எஸ்விடியும் சுடுவது 7.62×54 ஆர். 1891-இல் பிறந்து இன்னும் ராணுவத்தில் இருக்கும் தோட்டா. பழைய சோவியத் சரக்கு 440 தோட்டா கொண்ட தகரப் பெட்டியாக வரும், இரண்டு பெட்டி ஒரு மரப்பெட்டி. அந்தத் தொப்பிகளில் பொட்டாசியம் குளோரேட் இருக்கிறது. எரிந்த பின் குழலில் உப்பு படியும், ஈரத்தை இழுத்துத் துருவேற்றும். அமோனியா ஊற்றினால் போதும் என்பது வழக்கிலுள்ள தவறு. உப்பைக் கரைப்பது தண்ணீர்தான். அன்றே கொதிநீர் ஊற்றிக் குழலைக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் போட வேண்டும். எஸ்விடியில் எரிவாயுப் பாகங்களையும் சேர்த்தே. ஷெல்லாக் கட்டையில் மட்டும் ஆல்கஹால் படக் கூடாது, பூச்சு கரைந்துவிடும். கட்டையின் காஸ்மோலினை வெயிலில் கசியவிட்டுத் துடைக்கலாம். அடுப்பில் வைத்தால் பூச்சும் சேர்ந்து வழியும்.

2021 செப்டம்பரில் ரஷ்யத் தோட்டாவுக்கும் துப்பாக்கிக்கும் புது இறக்குமதி அனுமதியை அமெரிக்கா நிறுத்தியபின் தோட்டாவின் விலை ஏறியது. எந்த மாடலை வாங்கினாலும் இரண்டு பெட்டித் தோட்டாவையும் சேர்த்தே கணக்கிட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட துப்பாக்கிக்குச் சேகரிப்பாளர் உரிமம் தனியாக உண்டு. கனடாவில் 2020 மே மாதம் முதல் தடைப்பட்டியல் மாறிக்கொண்டே வருவதால், அரைத்தானியங்கி வகையை எடுக்குமுன் அன்றைய பட்டியலைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் 2019 திருத்தத்தின்படி ஒரு சாதாரண உரிமதாரர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. அந்த உரிமத்தில் 'சேகரிப்பு' நடக்காது.

ஆக, வரலாற்றுக்காக என்றால் தொடாத எண்களோடு ஓர் எம்91 அல்லது போருக்கு முந்திய 91/30. சுட என்றால் எம்39, அல்லது தோளைக் காப்பாற்றிக்கொள்ள எஸ்கேஎஸ். எஸ்விடி-40 இரண்டாவது துப்பாக்கியாகவே வர வேண்டும், முதலாவதாக அல்ல. கடைக்குப் போகும்போது சிறு டார்ச், ஒரு டம்மி தோட்டா, எண்களைப் பெரிதாக்கிப் பார்க்க ஒரு லென்ஸ் இருந்தால் போதும். பத்து நிமிடம் ஆகும். போல்ட்டைக் கழற்றிப் பார்க்கவோ கட்டைக்குள் பார்க்கவோ விற்பவர் விடவில்லை என்றால், துப்பாக்கியைத் திரும்ப மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.